ஒடுக்கோடு செய்த சேஸ்

ஆயில்டேல், கலிபோர்னியா
அக்டோபர் கடைசிச் செவ்வாய்

என் அருமை மகள் ட்ரூடிக்கு,

உன் சித்தப்பா டெல்பர்ட் எழுதுவது. இங்கே நானும், உன் சித்தி ஓப்பலும், படுத்த இடத்தைவிட்டு எழாத நம் கிழட்டு நாயும், கொட்டகையில் கிடக்கிற புது சேஸும் ஆக நாலு பேரும் சௌக்கியம். அங்கே கோடியாக் தீவில் நீயும் உன் படகு இஞ்சின்களும் குளிர் ஏறாமல், துருப் பிடிக்காமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுக்கிறேன். பூட்ஸுக்குள் இரண்டு ஜோடி கம்பளிச் சாக்ஸ் போடு, ஒன்று போதும் என்று அந்த ஊர்க்காரர்கள் சொன்னால் கேட்காதே, அவர்களுக்குக் கால் மரத்துப்போய்ப் பல வருஷம் ஆகியிருக்கும். சித்திக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, டாக்டர் சொன்னதால் இல்லை, பீச் பழம் முடிந்துவிட்டதால். பாதாம் மரங்களை உலுக்கி முடித்தார்கள், ஊரெல்லாம் புழுதி, மூக்கைச் சிந்தினால் ஒரு செங்கல் சுடலாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்து படி. போன சனிக்கிழமை இந்த ஊரில் முப்பது பேர் முன்னால் உன் சித்தப்பனைத் திருடன் என்று சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை அதே வாய்கள் என்னைப் போல் ஒரு கைகாரன் கெர்ன் ஆற்றுக்கு இந்தப் பக்கமும் கிடையாது அந்தப் பக்கமும் கிடையாது என்றன. நடுவில் நடந்ததை நான் முறையாகச் சொல்கிறேன், ஓப்பல் உனக்கு ஃபோனில் வேறு மாதிரி சொன்னால் நம்பாதே, அவள் சுருக்கிச் சொல்லியே நல்ல கதைகளைக் கெடுப்பவள்.

உன் அப்பா, என் அண்ணன் கிளீட்டஸ், விட்டுப்போன அந்த இருபத்தொன்பதாம் வருஷத்து ரோட்ஸ்டர் கார் பாடி உனக்கு ஞாபகம் இருக்கும், அதற்குள் உட்கார்ந்துதான் நீ எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றாய். பாடி இருக்கிறது, கீழே தாங்குகிற இரும்புச் சட்டம், அந்த சேஸ், இல்லை. அந்த பாடிக்கு முப்பத்திரண்டாம் வருஷத்து ஃபோர்டு சேஸ்தான் சேர்த்தி, இது நான் சொல்லி உனக்குத் தெரிய வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்வேன். பக்கச் சட்டத்தில் முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் ஒரு மடிப்புக் கோடு ஓடுமே, மட்கார்டு கழற்றிய ஹாட் ராட் பந்தயக் காரில் அந்தக் கோடு வெளியே தெரிந்தால்தான் வண்டிக்கு இடுப்பு இருக்கிற மாதிரி இருக்கும். அசல் சேஸ் இப்போது எவன் கையில் இருந்தாலும் அவன் செத்தால்கூட அதை விட மாட்டான். அதனால் நாமே செய்துவிடுவது என்று முடிவு செய்தேன். என் கூட்டாளி எலிசியோவை உனக்குத் தெரியும், எண்ணெய் வயலில் குழாய் பற்றவைத்து ரிட்டயர் ஆனவன், அவன் வெல்டிங் போட்டால் மேலே ஈ உட்கார்ந்து அழகு பார்த்துவிட்டுத்தான் போகும்.

அளவு எங்கே கிடைத்தது என்றால் நம் கார் கிளப்பில் மூத்தவரான ஆர்லிஸ் பர்விஸ் கிழவனிடம். அந்தக் காலத்திலேயே நான் கேட்டு, அவர் களஞ்சியத்துச் சுவரில் சாத்தி வைத்திருந்த அசல் முப்பத்திரண்டு சேஸின் மேல் கறிக்கடைத் தாளை ஒட்டி, கரித்துண்டால் தேய்த்து, ஒரு ஆணித்துளை விடாமல் எடுத்து வைத்திருந்தேன். அந்தச் சேஸை இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் எவனோ களஞ்சியத்துக் கதவைப் பெயர்த்துத் தூக்கிப்போய்விட்டான், அதுவும் உனக்குத் தெரியும். அந்தச் சேஸுக்குரிய பாடியை மட்டும் அவர் விட்டத்தில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டிருந்தார், அதைத் திருடன் அண்ணாந்து பார்க்கவில்லை. அன்றிலிருந்து அந்த மனிதர் சிரித்து நான் பார்க்கவில்லை, அதற்கு முன்னால் சிரித்தும் நான் பார்த்ததில்லை என்பது வேறு.

வேலை எப்படிச் செய்தோம் என்று கேள். எண்ணெய்க் கிணற்றில் கழித்துப்போட்ட இரண்டு இரும்பு உத்தரங்களைக் கொட்டகையில் படுக்க வைத்து, ரசமட்டம் வைத்து, அடியில் தகட்டுத் துண்டு சொருகி, குமிழ் நடுவில் தூங்கிப்போகிற வரைக்கும் மட்டம் பார்த்தோம். நடுவில் ஒருநாள் நிலநடுக்கம் வந்தது, ஓப்பலின் தட்டு அலமாரி ஆடியது, எங்கள் உத்தர மேஜை ஆடவில்லை. தாளில் விழுந்த அளவுப்படி தகட்டை வெட்டி, அந்த மடிப்புக் கோட்டுக்கு நாங்களே ஒரு அச்சு செய்து, எலிசியோவின் பிரஸ்ஸில் கொடுத்து அமுக்கினோம். மேலும் கீழும் பட்டை வைத்து, மூலையை அரத்தால் உருட்டி, உள்பக்கம் தகடு போட்டுப் பெட்டியாக மூடினோம். மூடுவதில்தான் எல்லாரும் தோற்கிறார்கள். ஆத்திரப்பட்டு ஒரே இழுப்பாகப் பற்றவைத்தால் சூட்டில் சட்டம் வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும். எலிசியோ ஒரு விரல் நீளம் பற்றவைப்பான், கோடாரி விழுந்த மாதிரி நிறுத்துவான், அடுத்த கோடிக்கு நடந்துபோய் இன்னொரு விரல் நீளம், பிறகு உள்ளங்கையை வைத்துப் பார்ப்பான், கை பொறுக்கிற வரைக்கும் காபி. இந்தச் சேஸில் இரும்பைவிடக் காபி அதிகம். கடைசியில் மூலைக்கு மூலை நாடா பிடித்தோம், இந்த மூலையும் அந்த மூலையும் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான், எனக்குக் கணக்கு எடுத்த அம்மாள் உயிரோடு இருந்தால் அந்த நாடாவைக் கொண்டுபோய் மடியில் போட்டிருப்பேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் எலிசியோ தயங்கினான். பர்விஸின் சேஸில் இடது சட்டத்தின் பின்கோடியில், சக்கரத்துக்குப் பக்கத்தில், ஒரு ஒடுக்கு உண்டு, கட்டைவிரல் படுத்துக்கொள்கிற அளவு. தாளில் அதுவும் விழுந்திருந்தது. "கூட்டாளி, இந்த ஒடுக்கையும் அடிக்கணுமா? இது அவங்க வீட்டுக் காயம், நமக்கெதுக்கு?" என்றான். நான் சொன்னேன், "தாள்ல இருக்குறதுதான் அளவு. ஒடுக்க விட்டா அப்புறம் எதை விடுறது, எதை வைக்கிறது? அசல்னா அசல்." அப்புறம் உருண்டைத் தலைச் சுத்தியலை எடுத்து நானே அடித்தேன், நாலு அடியில் தாளில் இருந்தபடி இறங்கிவிட்டது, எனக்கே பெருமை தாங்கவில்லை. வினிகரும் உப்பும் தெளித்து வெயிலில் போட்டுத் துரு ஏற்றி, துருவைத் தேய்த்து, சிவப்பு பிரைமர் அடித்து, அதையும் அங்கங்கே தேய்த்துவிட்டோம். மகளே, அது எண்பது வருஷம் இந்தப் பள்ளத்தாக்கு மண்ணில் கிடந்த மாதிரி இருந்தது.

சனிக்கிழமை காலைச் சாப்பாட்டுக்கு நம் புழுதி கிளப் கூடுகிற கடை வாசலுக்கு அதை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போனேன். பாடியைப் போட்டு மூடிவிட்டால் அப்புறம் யார் பார்ப்பார்கள். கிளப்பின் விதி உனக்குத் தெரியும், வண்டி ஐம்பதாம் வருஷத்துக்கு முன்னால் கட்டிய மாதிரி இருக்க வேண்டும், அசல் சேஸ் இல்லாத வண்டி எல் மிராஜ் காய்ந்த ஏரிப் பந்தயத்தில் கிளப் பெயரில் ஓடக் கூடாது. அதைக் கொண்டுவந்ததே பர்விஸ்தான், புதுத் தகட்டில் செய்ததைத் தகர டப்பா என்பார். என் திட்டம் என்னவென்றால், முதலில் எல்லாரும் வாய் பிளந்து அசல் என்று ஒப்புக்கொள்ளட்டும், கடைசி வாய் பிஸ்கட் ரொட்டியும் கிரேவியும் இறங்கினதும் எழுந்து நின்று இது நான் செய்தது என்று சொல்லி விதியையே மாற்றிவிடுவது. திட்டம் பிரமாதமாகப் போனது. ஒருவன் "ஆர்வின்ல ஒரு கோழிக் கொட்டகைக்கு அடியில கிடந்துச்சாமே" என்று சொன்னான், இன்னொருவன் நெவாடா பாலைவனம் என்றான், நான் கிரேவியைத் தொட்டுக்கொண்டு சிரித்தேன். பொய் சொல்லவில்லை, வாயைத் திறக்கவில்லை அவ்வளவுதான், எனக்கு அது எவ்வளவு சிரமம் என்று உனக்குத் தெரியும்.

அப்போது பர்விஸ் கைத்தடியோடு வந்தார். டிரெய்லரைச் சுற்றி நேராக இடது பின்கோடிக்குப் போனார், குனிந்து அந்த ஒடுக்கில் கட்டைவிரலை வைத்தார். விரல் பொருந்திவிட்டது. நான் போய்ப் பக்கத்தில் நின்று பாராட்டுக்காகக் காத்திருந்தேன். அவர் நிமிர்ந்து, சத்தமே இல்லாமல், "டெல்பர்ட், இது என் சேஸ்" என்றார். நான் சிரித்து, "இல்ல பெரியவரே, இது நான் செஞ்சது, எலிசியோவும் நானும்" என்றேன். "ஒடுக்கையுமா செஞ்சே?" "ஒடுக்கையும்தான்." "எந்தப் பைத்தியக்காரன் ஒடுக்கப் பார்த்து ஒடுக்கு செய்வான்? நம்பர் எங்க?" என்று இடது சட்டத்தின் மேல்பக்கத்தைத் தடவினார். அசலில் அங்கே நம்பர் குத்தியிருக்கும். என்னுடையதில் ஏது நம்பர், வழவழவென்று இருந்தது. அவர் முப்பது பேரையும் திரும்பிப் பார்த்து, "தேய்ச்சுட்டான் பாருங்க" என்றார். "தாள் ஒட்டி அளவெடுக்க வந்தவன் இவன். அளவு புடிச்சுப்போச்சு, அப்புறம் சாமானுக்கே வந்துட்டான்."

சுற்றி இருந்தவர்களில் ஒருத்தனும் சிரிக்கவில்லை. கோழிக் கொட்டகை என்று சொன்னவனே என்னை ஒரு மாதிரி பார்த்தான், நான் இல்லை என்று சொல்லாததும் இப்போது எனக்கு எதிராக நின்றது. நான் செய்த வேலையின் நேர்த்தியே என் கழுத்துக்குக் கயிறாகிவிட்டது, கொஞ்சம் கோணலாகச் செய்திருந்தால் பிழைத்திருப்பேன். எலிசியோ, "பெரியவரே, என் வெல்டிங் எனக்குத் தெரியாதா" என்று ஆரம்பித்தான். "நீ அவன் கூட்டாளி, நீ வேற என்ன சொல்லுவே" என்று வெட்டிவிட்டார். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம் தர்றேன். அதுக்குள்ள இது புதுசுன்னு காட்டு. இல்லன்னா ஷெரீஃப் ஆபீஸ்ல பேசிக்கலாம்." போகும்போது அந்த ஒடுக்கை இன்னொரு தடவை தடவிவிட்டுப் போனார், சரிபார்க்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தோம். காட்டுவதற்கு ஒரே வழிதான், பெட்டியாக மூடிய சட்டத்தை வெட்டித் திறந்து உள்பக்கத்தைக் காட்டுவது. வெளியே என்ன வேஷம் போட்டாலும் உள்ளே வேஷம் இல்லை, அங்கே வினிகர் போகவில்லை. ஆனால் வெட்டுவதா. மூலைமட்டம் பிடித்து, காபி குடித்துக் குடித்துப் பற்றவைத்ததில் கிரைண்டரை வைப்பதா, அந்தச் சூட்டுக்கு அது கோணிக்கொண்டால் என்ன செய்வது. நான் மாட்டேன் என்றேன். என் சொல்லை இந்த ஊர் நம்ப வேண்டும், முப்பது வருஷம் இவர்கள் பிரேக்கைச் சரி செய்து கொடுத்தவன் நான் என்று ஏதோ பெரிதாகப் பேசினேன். ஓப்பல் பாத்திரம் துடைத்துக்கொண்டே, "உன் சொல்ல நம்பணுமா? போன வருஷம் நீ புடிச்ச மீனு எவ்வளவு நீளம்னு இந்த ஊருக்கு எத்தனை தடவை சொன்னே?" என்றாள். அப்புறம் துணியைக் கீழே வைத்தாள். "ஓட்டைய எலிசியோ அடைச்சுக் குடுத்துருவான். நாளைக்கு நான் கடைக்குப் போறப்ப எவளாவது என்னைப் பார்த்துக் குசுகுசுன்னா, அதை எதை வெச்சு அடைப்பே? வெட்டு." நான் வெட்டுகிறேன் என்றேன். நானே முடிவு செய்த மாதிரிதான் சொன்னேன்.

ஞாயிறு மத்தியானம் கொட்டகை முன்னால் பாதி கிளப் நின்றது, தேவாலயத்திலிருந்து நேராக வந்த சட்டையோடு. பர்விஸ் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். எலிசியோவால் பார்க்க முடியவில்லை, வேலிப் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுவிட்டான். இடது சட்டத்தின் உள்பக்கம், இரண்டு வெல்டிங் பற்றுக்கும் நடுவில், சாக்பீஸால் ஒரு சின்னக் கட்டம் போட்டேன். கிரைண்டர் சத்தம் கேட்டதும் நாய்கூட எழுந்து உட்கார்ந்தது, அதுவே பெரிய சாட்சி. ஒரு பக்கம் வெட்டி, நிறுத்தி, கை வைத்துப் பார்த்து, அடுத்த பக்கம். என் கை நடுங்கவில்லை, மற்றவர்கள் நடுங்கியது என்று சொன்னால் அது மெஷினின் அதிர்வு. துண்டு டங்கென்று உள்ளே விழுந்தது. நான் விலகி நின்று, "பாருங்க பெரியவரே" என்றேன்.

அவர் டார்ச்சை அடித்துக் குனிந்தார். உள்ளே புதுத் தகடு அந்த நீலப் பளபளப்பு மாறாமல் இருந்தது, ஆலையில் அடித்த வெள்ளைக் கோடுகூட அழியவில்லை. விரலை விட்டுத் தடவினார், மோந்து பார்த்தார், மறுபடி டார்ச் அடித்தார். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம், இப்போது என்ன சொல்லப்போகிறார் என்று சுற்றி எல்லார் முகத்தையும் பார்த்தேன், தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்கக்கூடத் தயாராக இருந்தேன். அவர் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது முகம் அப்படியே இறங்கியிருந்தது. "இது என்னுது இல்ல" என்றார். ஜெயித்தவன் மாதிரி நான் சிரிக்கப் போனேன், அவர், "டெல்பர்ட், இது என்னுதா இருக்கணும்னு வேண்டிக்கிட்டே வந்தேன்டா. நீ திருடனா இருந்தாலும் பரவாயில்ல, மன்னிச்சுடலாம், அது திரும்பி வந்துருச்சேன்னு நெனச்சேன்" என்றார்.

வணங்கக் கழற்ற இருந்த தொப்பியைத் தலையில் இன்னும் அழுத்திக்கொண்டேன், இதை நீ எங்கும் எழுதி வைத்துக்கொள்ளாதே. இதையே எடுத்துக்கொண்டு போங்கள் என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது, ஓப்பல் என் கால்மேல் ஏறி நின்றாள், நின்றுகொண்டே எல்லாருக்கும் ஆப்பிள் பை பலகாரம் வெட்டிக் கொடுத்தாள். பர்விஸ் ஒரு வாய் தின்று, முப்பது பேர் முன்னால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், அந்த முப்பது பேரையும் சேர்த்துக் கூட்டிவர முடியவில்லை, இருக்கிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். அப்புறம் தானே கையைத் தூக்கி, "புதுத் தகடா இருந்தாலும் இந்த மாதிரி செஞ்சிருந்தா ஓடலாம்னு விதிய மாத்துறேன், யாரு எதிர்ப்பு?" என்றார். எலிசியோ வேலியிலிருந்து திரும்பிப் பார்த்து, "தகர டப்பான்னீங்க?" என்றான். "தகர டப்பான்னு சொன்னப்ப எனக்கு வயசு கம்மிடா" என்றார் பர்விஸ். போன மாதம்தான் சொன்னார். யாரும் எதிர்க்கவில்லை.

திங்கட்கிழமை பகல் முழுக்க அவரைக் காணோம். இன்று காலை, காபி இறங்குகிற நேரம், அவருடைய பிக்கப் வண்டி வந்து நின்றது, பின்னால் புதுத் தகடு. "இன்னொண்ணு செய்ய முடியுமா? என் பாடி சங்கிலியிலேயே தொங்குது, எனக்கு அப்புறம் அதை எறக்க ஆள் இல்ல" என்றார். முடியுமா என்று என்னிடம் கேட்கிறார். நான் எலிசியோவைக் கூப்பிட்டேன், மேஜைமேல் தகட்டைப் போட்டோம், கறிக்கடைத் தாளை விரித்தோம், நான் சாக்பீஸை எடுத்து ஓரமாக வரைந்துகொண்டே வந்து, பின்கோடி ஒடுக்குக்கு வந்ததும் அதையும் அப்படியே வளைத்து வரையப் போனேன். அவருக்கு அது பிடிக்கும் என்றுதான் நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இது எப்படி விழுந்துச்சு தெரியுமா" என்றார். கல்யாணமான புதிதில் அவர் மனைவி ஐவா டிராக்டரைப் பின்னால் எடுக்கும்போது இடித்துவிட்டாளாம். இவர் கொட்டகையில் நின்று கண்ணால் பார்த்தாராம். அவள் இறங்கி வந்து, நான் இடிக்கவில்லை, அது முன்னாலேயே இருந்தது என்றாளாம். அன்றைக்கு ஆரம்பித்த சண்டை அவள் கண்ணை மூடுகிற வரைக்கும் தீரவில்லை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டுகூட, "ஆர்லிஸ், அந்த ஒடுக்கு முன்னாடியே இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் தூங்கினாளாம். சொல்லிக்கொண்டே என் கையிலிருந்து சாக்பீஸை வாங்கினார். நான் இன்னும் ஆழமாக வரையப் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒடுக்கின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரே கோடாக, நேராக, இழுத்துவிட்டார். "அவ இடிக்கல" என்றார். "இடிக்கலன்னு அவ சொன்னது இதுல நிஜமாகட்டும்."

எலிசியோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த நேர்கோட்டில் வெட்ட ஆரம்பித்தான். கிழவர் கடைசி வரைக்கும் பக்கத்திலேயே நின்றார், தீப்பொறி கால்சட்டையில் விழுந்ததைக்கூடத் தட்டவில்லை. நான் வெளியே வந்து இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன்.

நம் சேஸில் அந்த ஓட்டையை எலிசியோ அடைக்கிறேன் என்றான், நான் விடவில்லை, பித்தளை ஸ்குரூ போட்டு ஒரு மூடி வைக்கப்போகிறேன், கேட்கிறவனுக்குக் கழற்றிக் காட்டலாம். மூலைக்கு மூலை மறுபடி நாடா பிடித்தேன், அப்படியே இருக்கிறது, இதை மட்டும் ஓப்பலிடம் கேட்டு நீ சரிபார்த்துக்கொள்ளலாம். நீ எழுதியிருக்கிற அந்தப் படகுக்காரப் பையனிடம் ஒன்றே ஒன்று கேட்டுச் சொல், அவன் தன் வண்டிக்குக் கடைசியாக எப்போது ஆயில் மாற்றினான். யோசித்துப் பதில் சொன்னால் வேண்டாம். உன் சாமான் பெட்டியை யாருக்கும் இரவல் கொடுக்காதே. நவம்பர் நடுவில் எல் மிராஜில் வருஷத்தின் கடைசி ஓட்டம், உன் அப்பாவின் பாடியைப் போட்டு, இஞ்சினை ஏற்றி, கிளப் பெயரில் ஓடப்போகிறது, ஓட்டப்போவது நீ. நான் உட்கார்ந்து பார்த்தேன், ஸ்டியரிங்குக்கும் என் வயிற்றுக்கும் ஒத்துவரவில்லை, அந்த அளவை மட்டும் தாளில் எடுக்க மறந்துவிட்டேன். லீவுக்கு இன்றைக்கே எழுதிக் கொடு, ஹெல்மெட்டை மறக்காமல் கொண்டு வா, இங்கே இருப்பதில் எலி கூடு கட்டியிருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ தொடுகிற இஞ்சின் எல்லாம் முதல் இழுப்பிலேயே கிளம்பட்டும், போகிற கடல் எல்லாம் உனக்கு வழி விடட்டும், கடவுள் உன் பக்கம் இருக்கட்டும், அவர் வேலையாக இருந்தால் எனக்கு ஒரு ஃபோன் போடு. சித்தி முத்தம் தரச் சொன்னாள், நாய் வாலை ஆட்டியது.

உன்னைத் தோளில் தூக்கி வளர்த்த சித்தப்பா,
டெல்பர்ட் மேப்ஸ்
(இப்போது ஆர்டர் எடுத்துச் செய்கிறவன்)